குதிரைக்குப் பெயர் தம்பி

"கை கொடுத்தா என்னக்கா, ஒட்டிக்கவா போகுது?"

தம்பி இப்படித்தான் ஆரம்பிப்பான். செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டான். தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் செல்போனையும் பிடித்தபடி நின்றுகொண்டே வந்து, ஊரப்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து சேர்வதற்குள் அவனுக்குள் ஒரு விவாதம் முக்கால்வாசி வெந்திருக்கும். மீதியை வேகவைக்க அக்கா வேண்டும்.

2025 செப்டம்பர் 15, திங்கட்கிழமை. முந்தின நாள் ராத்திரிதான் துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டம். பாகிஸ்தானை ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வென்ற நம் ஆட்டக்காரர்கள், எதிரணியின் கையைத் தொடாமல் உள்ளே போய்விட்டார்கள். டாஸ் போடும்போதே கேப்டன்கள் சூர்யகுமார் யாதவும் சல்மான் ஆகாவும் கைகுலுக்கிக்கொள்ளவில்லை. பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களோடு நிற்கிறோம் என்றார் சூர்யகுமார். இதையே காரணமாக்கி, மேட்ச் ரெஃப்ரி ஆண்டி பைக்ராஃப்டை மாற்று என்றது பாகிஸ்தான் வாரியம். திங்கட்கிழமை முழுக்க எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை, நடுவில் நாலு பேர் கத்தல்.

"ஆடறதுன்னு முடிவு பண்ணிட்டா கை கொடுக்கணும். கை கொடுக்க மனசு வரலன்னா ஆடவே கூடாது. ரெண்டுங்கெட்டானா நிக்கறதுதான் எனக்குப் புடிக்கல" என்றேன்.

"ஆடலன்னா டிவி ரைட்ஸ் காசை உங்கப்பனா தருவான்?"

"எனக்கும் உனக்கும் ஒரே அப்பன்தான்டா. கீழதான் இருக்காரு, போய்க் கேளு."

கேட்க வேண்டியதில்லை. சத்தம் கேட்டு, கொசுவர்த்தியும் தீப்பெட்டியுமாக அப்பாவே மொட்டை மாடிக்கு ஏறி வந்துவிட்டார். எந்த விளையாட்டுச் சர்ச்சைக்கும் அவரிடம் ஒரே ஒரு மேற்கோள்தான் உண்டு: 1974. டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு இந்தியா வந்துவிட்டது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. நம் அணியில் மெட்ராஸ்காரர்களான ஆனந்த் அமிர்தராஜும் விஜய் அமிர்தராஜும் இருந்தார்கள். அதற்குப் பிறகு 1987-ல் இன்னொரு இறுதிப் போட்டி வந்தது, ஸ்வீடனிடம் தோற்றோம். கோப்பை இன்றுவரை வீட்டுக்கு வரவில்லை. "அது கொள்கை. ஆடவே இல்லை. கை கொடுக்கறதா வேண்டாமான்னு பேச்சே எழலை" என்று சொல்லிவிட்டு அப்பா கொசுவர்த்தியைப் பற்றவைத்தார்.

எங்கள் வீட்டில் பாசத்தை நேரடியாகப் பேசும் வழக்கம் கிடையாது. ஸ்கோர் கேட்போம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் தம்பி எனக்கு அனுப்பிய செய்திகளை இப்போது எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் டெஸ்ட் மேட்ச். அதற்கு நடுவே ஒரே ஒரு வரி, "நீ தூங்கினியா". இரண்டு வேளை சண்டை போடாவிட்டால் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றும். ஆகவே விளையாட்டுச் சர்ச்சைகளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, எங்கள் குடும்பம் அதை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது வேறொரு விஷயம்.

என் கையில் இருந்த போனில் சமர்கண்ட் ஓடிக்கொண்டிருந்தது. உஸ்பெகிஸ்தானில் உலகச் செஸ் சங்கமான ஃபிடேயின் மகளிர் கிராண்ட் ஸ்விஸ் போட்டி, கடைசிச் சுற்று. முன்னாள் உலக சாம்பியன் டான் ஜோங்யியோடு நம் சென்னை வைஷாலி டிரா செய்துவிட்டார். 11 ஆட்டங்களில் 8 புள்ளி. கேத்தரினா லாக்னோவுக்கும் அதே 8. டைபிரேக்கில் வைஷாலி முதலிடம். இரண்டாவது முறையாகத் தொடர்ந்து கிராண்ட் ஸ்விஸ் பட்டம், கேண்டிடேட்ஸுக்கு நேரடித் தகுதி. 

"டேய், வைஷாலி..." என்றேன்.

"இருக்கா, இந்த பைக்ராஃப்ட் மேட்டரை முடிச்சிடறேன்" என்றான்.

பூஞ்சேரிக்குப் போன கதை

இது எனக்குப் புதிதில்லை. அதற்கும் மூன்று வருடத்துக்கு முன்னால், இதே வீட்டிலிருந்து இதே தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போன நாளிலிருந்து சொல்ல வேண்டும்.

2022-ல் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட் முதலில் நமக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை. ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுத்ததும் ரஷ்யாவிடமிருந்து போட்டியைப் பிடுங்கினார்கள். தமிழ்நாடு கை தூக்கியது. நாலே மாதத்தில் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஓர் ஓட்டலின் அரங்கம் போதாமல் பக்கத்தில் புதிதாக ஒன்று எழுப்பி, ஓபன் பிரிவில் 188, பெண்கள் பிரிவில் 162 என அணிகளை உட்காரவைத்துவிட்டார்கள். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். விளம்பரத்தில் பிரதமர் படம் இல்லை என்று ஒரு வழக்கு, உயர் நீதிமன்றம் தலையிட்டுப் படம் வைக்கச் சொன்னது. ஊர் வந்து இறங்கிவிட்ட பாகிஸ்தான் அணி, ஜோதி ஓட்டம் ஜம்மு காஷ்மீர் வழியாகப் போனதைக் காரணம் காட்டி ஒரு காயைக்கூட நகர்த்தாமல் திரும்பிப் போனது. கைகொடுக்கும் பிரச்சினை அங்கேயும் எழவில்லை, அப்பா சொல்வதுபோல.

எங்களுக்கு அது பக்கத்து ஊர்த் திருவிழா. வண்டலூர் போய், கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பி, கோவளத்தில் கடலைப் பார்த்து, ஈ.சி.ஆரில் தெற்கே விட்டால் வந்துவிடும். போகிற வழியில் ஒரு குதிரை நின்றது. வேட்டி சட்டை கட்டி, கைகூப்பி, வாயெல்லாம் சிரிப்பு. ஒலிம்பியாடின் சின்னம். பெயர் 'தம்பி'.

"பாத்தியாக்கா, எனக்குச் சிலை வெச்சுட்டாங்க" என்று வண்டியை நிறுத்திப் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னான். எடுத்துக் கொடுத்தேன். 'தம்பி' என்பது நல்ல பெயர்தான், மறுக்கவில்லை. அண்ணா கடிதம் கடிதமாக எழுதிய சொல் அது, தமிழ்நாட்டில் அந்த ஒரு விளிக்கு ஓர் ஆட்சியையே பிடித்த வரலாறு உண்டு. குதிரைக்கு 'அக்கா' என்று வைத்தால் யாரும் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பெண்களுக்கும் மாணவர்களுக்கும் நுழைவுச்சீட்டில் சலுகை. அவனுக்குச் சலுகை இல்லை. அந்தக் காசை நினைத்து இன்றைக்கும் புலம்புவான்: "சரிசமம் கேக்கறவங்க டிக்கெட்டுக்கு மட்டும் கேக்க மாட்டீங்க." இதற்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

உள்ளே போனால் சத்தமே இல்லை. அத்தனை பேர் இருக்கும் இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. கடிகாரத்தின் தலையைத் தட்டும் சன்னமான ஒலி, ஏதோ ஒரு நாற்காலி இழுபடும் ஒலி, அவ்வளவுதான். நெற்றியில் திருநீற்றோடு வைஷாலி உட்கார்ந்திருந்தார். அதே அணியில் நிறைமாதக் கர்ப்பத்தோடு ஹரிகா, மேசைக்கும் வயிற்றுக்கும் இடையே காயை எடுக்கக் கையை நீட்டி நீட்டி. அவரைப் பார்த்த பிறகு தம்பி பத்து நிமிடம் எதுவும் பேசவில்லை. அவன் அளவில் அது சாதனை.

கூட்டம் எங்கே நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை. குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால், அதிபன், ரவ்னக் என்று ஆர்.பி.ரமேஷ் பயிற்சியில் இறங்கிய இந்திய 'பி' அணியைச் சுற்றி. தப்பில்லை, குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக வென்ற திருவிழா அது. ஆனால் தங்கத்துக்கு மிக அருகில், கடைசிச் சுற்றுவரை முதலிடத்தில் இருந்தது பெண்கள் அணி. கடைசி நாளில் அமெரிக்காவிடம் 1-3 என்று தோற்று வெண்கலத்துக்கு இறங்கியது. அதுவே ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் அணிப் பதக்கம். தங்கம் போர் நடக்கும் உக்ரைனுக்குப் போனது. அந்த அணியில் இருந்தவர்கள் அன்னா, மரியா முஸிசுக், அக்கா தங்கை. அன்னாவுக்கு ஒரு கதை உண்டு. உலக ரேபிட், பிளிட்ஸ் பட்டங்கள் இரண்டையும் வைத்திருந்தவர், 2017-ல் போட்டி சவுதி அரேபியாவில் என்றதும், அங்கே பெண்களை இரண்டாம் தரமாக நடத்துவதை ஏற்க மாட்டேன் என்று போகாமலே இரண்டையும் இழந்தார். 

அக்காவும் தங்கையும் என்றால் 'முஸிசுக் சகோதரிகள்' என்று இருவருக்கும் ஒரே அளவு இடம் கிடைத்துவிடுகிறது. அக்காவும் தம்பியும் என்று வரும்போதுதான் தராசு சாய்கிறது. இதைச் சொன்னால் தம்பி அமிர்தராஜைத் தூக்கிப் போடுவான்: "ஆனந்த் அமிர்தராஜ் ஆம்பளதானே? அண்ணன் வேற. எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாரும் விஜய்னுதான சொல்றாங்க?" நியாயமான கேள்வி. சின்னது முந்திக்கொண்டால் பெரியது பின்னுக்குப் போவது எல்லா வீட்டிலும் உண்டு. வாஷிங்டன் சுந்தரை 2021-ல் பிரிஸ்பேனில் பார்த்து நாடே கொண்டாடியது, அவர் சகோதரி ஷைலஜாவும் கிரிக்கெட் ஆடுபவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பூஞ்சேரியில் வைஷாலிக்கு இரண்டு வெண்கலம், அணிக்காக ஒன்று, மூன்றாம் பலகையில் ஒன்று. அவர் தம்பி பிரக்ஞானந்தாவுக்கும் அதே இரண்டு, அச்சு அசலாக. நிறைவு விழா முடிந்த மறுநாள், ஆகஸ்ட் 10, பிரக்ஞானந்தாவுக்குப் பதினேழாவது பிறந்தநாள். ஊரே வாழ்த்தியது. நானும் ஒரு பத்திரிகையில் சின்னக் கட்டுரை எழுதினேன். அதன் முதல் வரி, "பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி..." என்று தொடங்கும். அக்கா என்ற ஜாதியிலேயே பிறந்து வளர்ந்த நான் எழுதிய வரி அது. தம்பி அதைப் படம்பிடித்து வைத்திருக்கிறான். நான் ரொம்பப் பேசும் நாட்களில் பதில் எதுவும் சொல்லாமல் அதை எனக்கு அனுப்பிவிடுவான்.

முதலில் யார்?

உண்மையில் வைஷாலி வீட்டில் சதுரங்கம் அக்கா வழியாகத்தான் நுழைந்தது. சென்னை பாடியில், கார்ட்டூன் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று பெண்ணை டிவி முன்னாலிருந்து எழுப்ப, அப்பா ரமேஷ்பாபுவும் அம்மா நாகலட்சுமியும் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவின் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்த குட்டிப் பையனுக்கும் அது பிடித்துக்கொண்டது. மகளுக்கும் மகனுக்கும் துணையாக நாடு நாடாகக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய் ரசம் வைத்துத் தரும் அம்மாவைப் பற்றி நாம் நிறையப் படித்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் பாக்குவில் உலகக் கோப்பை நடந்தபோது ஓரத்தில் நின்று மகனைப் பார்த்துச் சிரித்த அவர் படம் ஓடாத போன் இல்லை. சந்திரயான் நிலவில் இறங்கிய மறுநாள், மாக்னஸ் கார்ல்சனிடம் பிரக்ஞானந்தா டைபிரேக்கில் தோற்றபோது எங்கள் அம்மாவே அழுதார், குதிரை எப்படி நகரும் என்று தெரியாதவர்.

இதில் நான் எப்போதும் எடுக்கும் துருப்புச்சீட்டு ஒன்று உண்டு. 2013. உலக சாம்பியன் பட்டத்துக்காக விஸ்வநாதன் ஆனந்தோடு மோத மாக்னஸ் கார்ல்சன் சென்னைக்கு வந்த வருடம். அந்தச் சமயத்தில் ஒரே நேரத்தில் பல பேரோடு அவர் ஆடிய ஆட்டத்தில், அவரைத் தோற்கடித்த பன்னிரண்டு வயதுச் சிறுமி வைஷாலி. பிரக்ஞானந்தா கார்ல்சனை இணையவழி ஆட்டத்தில் வென்று உலகத் தலைப்புச் செய்தியானது 2022 பிப்ரவரியில். 

"பத்திருபது பேரோட ஒரே நேரத்துல ஆடறது வேற, நேருக்கு நேர் வேறக்கா. ஒப்பிடாத."

"சரி. ஆனா யாரு முதல்ல?"

"நீதான் முதல்ல பொறந்த. அதுக்கு என்ன இப்போ?"

இந்த இடத்தில் எங்கள் சண்டை செஸ்ஸை விட்டு வெகுதூரம் போய்விடும். பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க், அதே வருடம் அவனுக்கு வாங்கிக்கொடுத்த கிரிக்கெட் மட்டை, எல்லாம் வெளியே வரும். அம்மா கீழிருந்து "ரெண்டு பேரும் இறங்கி வாங்க" என்று குரல் கொடுத்தால்தான் அடங்கும்.

அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். பத்து வயது பத்து மாதத்தில் இன்டர்நேஷனல் மாஸ்டர், பன்னிரண்டு வயது பத்து மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் என்றால் அது எந்த ஊரிலும் செய்திதான். 2018-ல் தம்பி அந்தப் பட்டம் வாங்க, அக்காவுக்கு 2023 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்பெயினில் ஒரு போட்டியில் 2500 ரேட்டிங் புள்ளியைத் தாண்டினார். ஹம்பி, ஹரிகாவுக்கு அடுத்து மூன்றாவது இந்தியப் பெண் கிராண்ட்மாஸ்டர். உலகத்திலேயே முதல் அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர் ஜோடி. கொட்டை எழுத்தில் வந்தது அந்தக் கடைசி விஷயம். தனியாக வாங்கியிருந்தால் எந்தப் பக்கத்தில் போட்டிருப்பார்கள் என்று எனக்கே தெரியும், பக்கம் பிரிப்பவர்களோடு வேலை பார்த்தவள் நான்.

ஜீன்ஸும் கைகுலுக்கலும்

2024 டிசம்பர் கடைசி வாரம், நியூயார்க். உலக ரேபிட், பிளிட்ஸ் போட்டிகள். கார்ல்சன் ஜீன்ஸ் பேன்ட் போட்டு வந்தார். விதிப்படி கூடாது என்றார்கள். 200 டாலர் அபராதம் போட்டார்கள். மாற்றிக்கொண்டு வா என்றார்கள். நாளைக்கு மாற்றுகிறேன் என்றார், ஒத்துக்கொள்ளவில்லை, போட்டியை விட்டே போய்விட்டார். அப்புறம் சமாதானமாகி பிளிட்ஸில் ஜீன்ஸோடே ஆடினார். இறுதியில் நெபோம்னியாச்சியும் அவரும் முடிவு எட்டாமல் டிரா மேல் டிரா ஆகி, பட்டத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு இன்னொரு சர்ச்சை. அந்த ஜீன்ஸ் ஏலத்தில் 36,100 டாலருக்குப் போனது, அதாவது நம் காசுக்கு முப்பது லட்சத்துக்கும் மேல். 

தம்பிக்கு அது பொங்கலும் தீபாவளியும் சேர்ந்து வந்த வாரம். "விதின்னா விதி" என்று முதல் நாள், "உலகத்துலயே பெரிய ஆட்டக்காரன் பேன்ட்டைப் பாத்துட்டிருப்பியா" என்று மறுநாள். ஒரே ஆள், ஒரே வாரம்.

நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். அந்த வாரம் நியூயார்க்கில் மகளிர் ரேபிட் உலகப் பட்டத்தை வென்றது யார்? 

அவனுக்குத் தெரியவில்லை. கொனேரு ஹம்பி. அதுவும் இரண்டாவது முறையாக. மகளிர் பிளிட்ஸில் வெண்கலம் யாருக்கு? அதுவும் தெரியவில்லை. வைஷாலிக்கு. ஒரே வாரத்தில் இரண்டு பேர் பதக்கம் வாங்கி வந்து நிற்க, ஊரே பேன்ட் துணியின் நிறத்தைப் பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், நெதர்லாந்தின் விக் ஆன் ஜீயில் ஒரு கை. சேலஞ்சர்ஸ் பிரிவில் ஆட்டம் தொடங்கும் முன் வைஷாலி கை நீட்டினார். உஸ்பெகிஸ்தானின் யாகுபோயேவ் நீட்டவில்லை, உட்கார்ந்துவிட்டார். அந்த வீடியோ காட்டுத்தீ. மத காரணத்தால் மற்றப் பெண்களைத் தொடுவதில்லை, அவமதிக்க நினைக்கவில்லை என்று அவர் விளக்கம் சொன்னார். பிறகு பூங்கொத்தும் சாக்லேட்டுமாக வந்து வைஷாலியிடமும் அவர் அம்மாவிடமும் நேரில் மன்னிப்பு கேட்டார். வைஷாலி அதைப் பெரிதுபடுத்தவில்லை. அதே போட்டியில் வேறொரு பெண்ணோடு ஆடும்போது அவர் நம் ஊர் வழக்கப்படி கைகூப்பினார். பூஞ்சேரிக் குதிரை மாதிரி.

இந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் அபூர்வமாக ஒரே கட்சி. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு, ஆனால் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் கை காற்றில் நின்றிருக்காது. சண்டை முடிந்தது என்று நினைத்த தம்பி எழுந்து போகப் பார்த்தான். 

"நில்லு. அந்த ஆட்டத்துல யாரு ஜெயிச்சது?"

நின்றான். யோசித்தான். "டிராவா?"

வைஷாலி ஜெயித்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, எதிரே இருந்தவரைத் தோற்கடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதற்குப் பிறகு நான் இந்தக் கேள்வியை அலுவலகத்தில், கல்யாண வீட்டில், கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பேச்சுக் கொடுத்த காலேஜ் பையன்களிடம் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். கைகொடுக்காத விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முடிவைச் சரியாகச் சொன்னவர் ஒரே ஒருவர், பள்ளிக்கூடத்தில் செஸ் சொல்லிக்கொடுப்பவர். அதே விக் ஆன் ஜீயில் மாஸ்டர்ஸ் பிரிவில் குகேஷை டைபிரேக்கில் வென்று பிரக்ஞானந்தா பட்டம் வாங்கியது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஒரே கூரை

எனக்குப் பிடித்த கதை டொரன்டோ. 2024 ஏப்ரல், கேண்டிடேட்ஸ். உலகப் பட்டத்துக்குச் சவால் விடப்போவது யார் என்று தீர்மானிக்கும் போட்டி. அக்காவும் தம்பியும் ஒரே சமயத்தில் தகுதி பெற்றது வரலாற்றில் முதல் முறை. ஒரே மண்டபம், ஒரே 14 சுற்று. ஓபன் பிரிவின் மொத்தப் பரிசுத்தொகை ஐந்து லட்சம் யூரோ. பெண்கள் பிரிவுக்கு இரண்டரை லட்சம். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி வந்த இரண்டு பேர், சில அடி தள்ளித் தள்ளி உட்கார்ந்து, ஒருவர் முழுக் காசுக்கும் இன்னொருவர் அரைக் காசுக்கும் ஆடினார்கள்.

நடுவில் வைஷாலி நாலு ஆட்டங்கள் வரிசையாகத் தோற்றார். பட்டியலில் கடைசி. அந்த நாட்களில் நான் ராத்திரி கண்விழித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், தாங்கவில்லை. நிறுத்தாமல் பார்த்தவன் தம்பி. காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்து, "அக்கா, ஒண்ணு ஜெயிச்சிட்டாங்க" என்றான். மறுநாள், "ரெண்டு". அப்படியே ஐந்து. கடைசி ஐந்து சுற்றையும் வரிசையாக வென்று வைஷாலி இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஐந்து நாளும் அவன் எந்தச் சர்ச்சையும் பேசவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. ஓபன் பிரிவில் குகேஷ் ஜெயித்தார். டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். உடனே அவர் தமிழ்ப் பிள்ளையா தெலுங்குப் பிள்ளையா என்று இரண்டு முதல்வர்களின் வாழ்த்துகளை வைத்து ஒரு வாய்க்கால் தகராறு. டிங் வேண்டுமென்றே தோற்றார் என்று ரஷ்யச் சங்கத் தலைவர் கிளப்பிய புகாரை ஃபிடே ஓரங்கட்டியது. எங்கள் மாடியில் இரண்டுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதவில்லை.

குகேஷுக்குத் தமிழக அரசு ஐந்து கோடி தந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியிலிருந்து கண்ணகி நகர் கார்த்திகா ஊர் திரும்பியபோது அவருக்கு 25 லட்சம், ஆண்கள் அணியின் வடுவூர் அபினேஷுக்கும் 25 லட்சம். தியேட்டரில் கபடிப் படம் 'பைசன்' ஓடிக்கொண்டிருந்த நேரம். போதாது என்று ஒரு பக்கம் குரல். "உலக சாம்பியனும் யூத் கேம்ஸும் ஒண்ணாக்கா?" என்றான் தம்பி. ஒன்றில்லைதான். ஆனால் பலகையும் இணையமும் வீட்டுக்குள் வந்துவிடும் ஆட்டத்தையும், பொதுக் களத்தில் இறங்கிப் புழுதியில் விழுந்து எழ வேண்டிய ஆட்டத்தையும் ஒரே தராசில் நிறுக்கவும் முடியாது. இதில் இருவருமே சரி, ஆகவே தீரவே இல்லை. அடுத்த வாரம் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

மறுபடியும் அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். பைக்ராஃப்ட் மேட்டர் முடிய நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் கரண்ட் போய் வந்தது. வண்டலூர்ச் சிங்கம் ராத்திரியில் கர்ஜிப்பது இங்கேவரை கேட்கும் என்று அப்பா சொல்வார், எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று ஊரப்பாக்கத்தில் நிற்காமல் கடந்து போனது.

"சரி, என்ன சொல்ல வந்த?" என்றான்.

போனை நீட்டினேன். அதற்கு முந்தின மாதம்தான் சென்னையில் ஒரு போட்டியில் வைஷாலி தோல்விக்கு மேல் தோல்வி கண்டு கடைசி இடத்துக்குப் போயிருந்தார். அதிலிருந்து சில வாரத்தில் சமர்கண்டில் முதலிடம். அவன் ஒவ்வொரு சுற்றாக மேலே தள்ளிப் பார்த்தான். "இவங்களா?" என்றான். பிறகு, "ஏன்க்கா அப்பவே சொல்லல?" என்று என் மேலேயே கோபப்பட்டான்.

படி இறங்கிக் கூடத்துக்கு வந்தோம். டிவியில் இன்னும் இரண்டு கைகள். அதற்குள் கீழே இறங்கி வந்திருந்த அப்பா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

"அப்பா, வைஷாலி ஜெயிச்சிட்டாங்க. கிராண்ட் ஸ்விஸ். ரெண்டாவது வாட்டி" என்றான் தம்பி, ஏதோ அவனே சமர்கண்டிலிருந்து வந்து இறங்கியவன்போல.

அப்பாவுக்கு நிஜமாகவே சந்தோஷம். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "அப்படியா? பலே, பலே" என்றார். மாட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"தம்பி என்ன பண்ணான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.